முதல் வேண்டாம்

பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர்கள் ரயில் தண்டவாளத்துக்கு முன்னால் வண்டியை நிறுத்தியே ஆக வேண்டும். கேட் திறந்திருந்தாலும் சரி, கண்ணுக்கெட்டிய தூரம் வரை ரயிலே இல்லாவிட்டாலும் சரி, நிறுத்தி, கதவைத் திறந்து, காது கொடுத்துக் கேட்டுவிட்டுத்தான் கடக்க வேண்டும். ஆர்லன் ஹாகன் இதை ஒரு நாளும் தவறாமல் செய்து வந்த மனிதர். அக்டோபரில் ஒரு காலை அவர் நிறுத்தினார், கதவைத் திறந்தார், காது கொடுத்தார். அதன் பிறகு வண்டியை எடுக்கவில்லை.

ஏரிப் பக்கத்துக் குளிர்காற்று உள்ளே புகுந்தது. இருக்கைகளில் இருந்த பிள்ளைகளின் கூச்சல் மெல்ல அடங்கியது. பின்னால் கார்கள் வரிசை கட்டி நின்றன, ஆனால் ஒருவரும் ஹாரன் அடிக்கவில்லை. டுலூத் அப்படிப்பட்ட ஊர். முன்னால் நிற்பவன் மனசு நோகுமே என்று வேலைக்குத் தாமதமானாலும் பரவாயில்லை என்று உட்கார்ந்திருப்பார்கள். கடைசியில் பின்னால் இன்னொரு பேருந்தை ஓட்டி வந்த ட்வெய்ன் இறங்கி நடந்து வந்து, படியில் ஒரு காலை வைத்தபடி எட்டிப் பார்த்தான்.

"என்ன ஆர்லன், ரயில் ஏதும் வருதா?"

"இல்லையே."

"அப்ப போலாமா?"

"போலாம்," என்றார் ஆர்லன். ஆனால் கை கியர் பக்கம் போகவில்லை. தன் கன்னம் இரண்டும் நனைந்திருப்பது ட்வெய்ன் முகம் போன போக்கைப் பார்த்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

ட்வெய்ன் அவருடைய பல வருடத்துத் தோழன். இருவரும் சேர்ந்து மீன் பிடிக்கப் போவார்கள், பனி உறைந்த ஏரியின் நடுவே ஒரே கூடாரத்தில் பகல் முழுவதும் உட்கார்ந்திருப்பார்கள். இருவரும் அங்கே பேசிக்கொண்ட வார்த்தைகளை எல்லாம் சேர்த்தால் ஒரு உள்ளங்கையில் அடங்கிவிடும். அந்த ட்வெய்ன் அன்று ஒன்றும் கேட்கவில்லை. வேறு டிரைவரை வரவழைத்துவிட்டு, ஆர்லனைத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக் கூட்டிப்போனான். வழி நெடுக வண்டியின் ஹீட்டர் சரியில்லை என்பதைப் பற்றி மட்டும் பேசினான். ஊர் வழக்கப்படி அதுவே பெரிய ஆறுதல்.

ஆர்லனின் மனைவி லோர்னா இறந்துபோய் இரண்டு பனிக்காலம் ஆகிவிட்டது. அது எல்லாருக்கும் தெரியும். யாருக்கும் தெரியாதது ஒன்று உண்டு. அந்தத் தண்டவாளக் காலைக்கு முந்தின வாரம் அவருடைய ஒரே மகள் பிரிட்டா, ஃபீனிக்ஸிலிருந்து போன் செய்திருந்தாள்.

"அப்பா, தேங்க்ஸ்கிவிங் பண்டிகைக்கு நான் வரட்டுமா?"

"எதுக்கும்மா, அவ்வளவு தூரம். பனி வேற கொட்டும். வேண்டாம்."

பிரிட்டா சொன்னாள். "ஒவ்வொரு தடவையும் வேண்டாம்னுதான் சொல்றீங்க. அம்மா போனதுலேர்ந்து இப்படியே. நான் வர்றது உங்களுக்குப் பிடிக்கலைன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சுப்பா. இனிமே கேட்டு உங்களைத் தொந்தரவு பண்ண மாட்டேன்."

அதற்கு இந்த மனிதர் என்ன சொன்னார் தெரியுமா? "சரிம்மா" என்றார். சொல்லிவிட்டு போனை வைத்தார். வைத்த கையோடு போய்ப் பாத்திரம் கழுவினார். ஒரு தட்டு, ஒரு கரண்டி, ஒரு கோப்பை. கழுவ என்ன இருக்கிறது?

பேருந்துக் கம்பெனி மேனேஜர் நல்ல மனிதர். ஆர்லனைக் கூப்பிட்டு அரைமணி நேரம் வானிலையைப் பற்றிப் பேசிவிட்டு, மென்று முழுங்கி, கொஞ்ச நாள் தெரபிக்குப் போய்விட்டு வந்தால் மறுபடி வண்டியைக் கொடுக்கலாம் என்றார். இதைக் கேட்ட ட்வெய்னுக்குக் கை கால் ஓடவில்லை.

"மண்டை டாக்டரா? அங்க என்னடா பண்ணுவாங்க?"

"பேசணுமாம்."

"யாரு, அவங்களா?"

"நான்தானாம்."

"ஐயையோ," என்றான் ட்வெய்ன். உண்மையாகவே பரிதாபப்பட்டுத்தான் சொன்னான்.

தெரபிஸ்ட் பெயர் ரோசலி அமாட்டோ. நியூ ஜெர்சியில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகி இங்கே வந்தவள். செருப்புக் கடைக்கு மேல் மாடியில் அவள் அறை. ஜன்னலைத் திறந்தால் ஏரி தெரியும். குரல் பெரிது, கை வீச்சு அதைவிடப் பெரிது. ஆர்லன் உள்ளே நுழைந்து தொப்பியைக் கழற்றியதுமே, "காபி?" என்றாள்.

"வேண்டாங்க, பரவாயில்ல."

"சரி," என்று சொல்லிவிட்டு, தனக்கு மட்டும் ஒரு கோப்பை ஊற்றிக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள்.

ஆர்லனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இரண்டாவது வேண்டாமைத் தயாராக நாக்கு நுனியில் வைத்திருந்தார். இந்த ஊரில் முதல் வேண்டாம் வெறும் மரியாதை. இரண்டாவது வேண்டாம், கேட்கிறவர்களுக்கு உண்மையிலேயே கொடுக்க மனசு இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. மூன்றாவது தடவை கேட்டால், "உங்களுக்குச் சிரமம் இல்லன்னா, கொஞ்சமா" என்று கோப்பைக்குக் கை நீளும். டிரைவர்கள் அறையில் யாராவது கேக் கொண்டுவந்தால், கடைசித் துண்டை எவனும் எடுக்க மாட்டான். பாதியாக வெட்டி எடுப்பான், அடுத்தவன் அந்தப் பாதியில் பாதி, சாயங்காலம் பார்த்தால் தட்டில் நகக்கண் அளவுக்கு ஒரு துணுக்கு பெரிய மனுஷன் மாதிரி உட்கார்ந்திருக்கும். அப்படி வளர்ந்த மனிதருக்கு எதிரே ஒருத்தி உட்கார்ந்து ஆற அமரக் காபி குடித்தால் எப்படி இருக்கும்?

"எப்படி இருக்கீங்க?" என்றாள் ரோசலி.

"மோசமில்ல."

"மோசமில்லன்னா?"

அறுபத்துச் சொச்சம் வயதில் அவரை இதுவரை யாரும் இந்தக் கேள்வியைக் கேட்டதில்லை. மோசமில்லை என்றால் மோசமில்லை. அதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது? அவர் ஜன்னல் வழியாக, கடல் போல் விரிந்த ஏரியைப் பார்த்தார். ஒரு சரக்குக் கப்பல் போய்க்கொண்டிருந்தது. கப்பல் துறைமுகப் பாலத்தைத் தாண்டும் வரை பார்த்தார். ரோசலியும் கூடவே பார்த்தாள். அந்த முதல் நாள் அதோடு சரி.

அடுத்த வாரமும் போனார். போகாவிட்டால் வண்டி கிடையாதே. "காபி?" "வேண்டாங்க." "சரி." மணம் மட்டும் அறை முழுக்கச் சுற்றி வந்து அவர் மூக்கிலேயே உட்கார்ந்தது. அதற்கடுத்த வாரமும் அதே கதை. மனுஷிக்குக் கல் நெஞ்சு என்று முடிவுகட்டிவிட்டார். அந்தக் கோபத்திலோ என்னவோ, கொஞ்சம் கொஞ்சமாகப் பேச ஆரம்பித்தார். நாம் கோபப்படுகிறவர்களிடம் மரியாதையாகப் பொய் சொல்லத் தோன்றாது, அதுதான் காரணமாக இருக்க வேண்டும்.

சோபாவில்தான் தூங்குகிறேன் என்றார். கட்டில் ரொம்ப அகலமாக இருக்கிறது என்றார். துக்கத்தின்போது சர்ச் பெண்கள் கொண்டுவந்த சாப்பாட்டுப் பாத்திரங்களில், அடியில் மார்லிஸ் என்று பெயர் ஒட்டிய ஒரு கண்ணாடிப் பாத்திரம் இன்னும் வீட்டில் இருக்கிறது என்றார். திருப்பிக் கொடுக்கப் போனால் உள்ளே வாருங்கள் என்பார்கள், உட்கார்ந்தால் எப்படி இருக்கிறீர்கள் என்பார்கள்.

"லோர்னா கார் வாசல்லயே நிக்குது," என்றார் ஒரு நாள். "பனி விழுந்தா என் கார்லேர்ந்து தள்ளுறப்ப அதுலேர்ந்தும் தள்ளிடுவேன்."

"அதை யாராவது ஓட்டறாங்களா?"

"இல்ல. பனி மூடிக் கிடந்தா பார்க்க நல்லா இருக்காது."

ரோசலிக்கு ஒரு சாமர்த்தியம் இருந்தது. வாயாடி போலத் தெரிந்தாலும், சும்மா இருக்க வேண்டிய இடத்தில் சும்மா இருப்பாள். ஆர்லன் தொப்பியை முழங்கால் மேல் வைத்து, அதன் விளிம்பைச் சுற்றிக்கொண்டே இருந்தார்.

"தள்ளலைன்னா," என்றார், "அவ இனி எங்கயும் கிளம்ப மாட்டான்னு ஆயிடும்."

அன்று சாயங்காலம் நன்றாகப் பசித்தது. முட்டையைப் பொரித்து, நின்றபடி அல்லாமல், மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டார். இதையெல்லாம் பெரிய முன்னேற்றம் என்று யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள். அவருக்கும் சொல்ல ஆள் இல்லை.

நவம்பர் பிறந்தது. மான் வேட்டைக்கு ட்வெய்ன் கூப்பிட்டான், இவர் வேண்டாம் என்றார், அவன் இன்னும் இரண்டு தடவை கூப்பிட்டான், இவர் போனார். அதுதானே முறை. அந்த வாரம் ரோசலி அறைக்கு வந்து உட்கார்ந்தபோது விரல்கள் விறைத்துப் போயிருந்தன.

"காபி?"

"வேண்டாங்க."

"சரி." அவள் ஊற்றினாள். ஆவி பறந்தது. ஒரு வாய் குடித்துவிட்டு, "ஆஹா" என்றாள்.

ஆர்லன் பொறுத்துப் பார்த்தார். முடியவில்லை.

"ஒரு தடவைக்கு மேல கேக்கவே மாட்டீங்களா?"

ரோசலி கோப்பையை வைத்தாள். "எதை?"

"காபி! வாரா வாரம் வர்றேன். கண்ணு முன்னாடி குடிக்கிறீங்க. உங்க ஊர்ல இப்படித்தான் வீட்டுக்கு வந்தவங்களை நடத்துவீங்களா?"

"நீங்க வேண்டாம்னு சொன்னீங்களே, ஆர்லன்."

"அது வேண்டாம் இல்லங்க! அது முதல் வேண்டாம்!"

ரோசலி ஒரு கணம் விழித்தாள். பிறகு சிரித்தாள் பாருங்கள், கீழே செருப்புக் கடையில் நின்றவர்களுக்குக் கேட்டிருக்கும். "கடவுளே, என் மாமியார் என்கிட்ட ஏன் இன்னும் மூஞ்சியைத் தூக்கி வெச்சிருக்காங்கன்னு இப்பத்தான் தெரியுது. எத்தனாவது வேண்டாம் சரின்னு அர்த்தம்?"

"மூணாவது தடவை கேட்டா, சரி." ஆர்லனுக்கும் உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது. "சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியும்."

"எனக்குத் தெரியாதே. நான் ஒரே தடவைதான் கேட்டேன். விட்டுட்டேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு, சிரிப்பு மிச்சமிருந்த குரலிலேயே கேட்டாள். "என்னை மாதிரி வேற யாராவது உண்டா? உங்க முதல் வேண்டாமைக் கேட்டுட்டு, சரின்னு போயிட்டவங்க?"

ஆர்லனின் கையில் சுற்றிக்கொண்டிருந்த தொப்பி நின்றது.

லோர்னாவை அடக்கம் செய்த மறுநாள். சமையலறையில் பிரிட்டா தோளில் துண்டோடு பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தாள். திரும்பிப் பார்க்காமல், "அப்பா, நான் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டுமா?" என்றாள். இவர், "உனக்கு அங்க வேலை இருக்கும்மா, வேண்டாம்" என்றார். சொல்லிவிட்டு, அவள் மறுபடி கேட்பாள் என்று கதவோரமே நின்றார். ஒரு தட்டு முழுக்கத் துடைக்கும் நேரம் நின்றார். அவள் கேட்கவில்லை. அடுத்த நாள் விமானம் ஏறிவிட்டாள்.

முன்பெல்லாம் அந்த இரண்டாவது, மூன்றாவது தடவையை லோர்னா பார்த்துக்கொள்வாள். இவர் போனில் வேண்டாம் என்றதும், அடுக்களையிலிருந்து வந்து பிடுங்கிக்கொள்வாள். "உங்க அப்பன் சொல்றதைக் காதுல வாங்காதே. வாசலுக்கு இப்பவே பனி தள்ளப் போயிட்டாரு. டிக்கெட்டைப் போடு." உண்மையிலேயே அவர் கையில் மண்வெட்டி இருக்கும்.

இதையெல்லாம் ரோசலியிடம் தொப்பியைப் பார்த்தபடியே சொல்லி முடித்தார். "நான் வேண்டாம்னுதான் சொன்னேன். ஆனா நான் வேண்டாம்னு நினைக்கலை. அன்னைக்குத் தண்டவாளத்துல கதவைத் திறந்து காது குடுத்தேன். ஒரு சத்தமும் இல்ல. எங்க வீட்டுல இருக்கிற அதே சத்தமில்லாமை. இனிமே எப்பவும் இதுதான்னு தோணிச்சு. என்னால வண்டியை எடுக்க முடியலை."

"அன்னைக்கு அடுக்களையில என்ன சொல்லணும்னு இருந்துச்சு?"

"இருன்னு."

"இப்ப சொல்லிப் பாருங்க. இங்க அவ இல்ல, நான்தான் இருக்கேன்."

ஆர்லன் வாயைத் திறந்தார், மூடினார். "இருந்தா... ஒண்ணும் மோசமில்ல."

"இதுக்குப் பேர் இருன்னு சொல்றதா?"

"எங்க ஊர்ல இதுவே ஜாஸ்திங்க."

இருவரும் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே இருக்கும்போதுதான் அது வந்தது. "இரு," என்றார். அந்த ஒரு வார்த்தை, அவ்வளவுதான். சொல்லிவிட்டு, பெரிய உடம்பு குலுங்க அழுதார். ரோசலி துடைக்கும் தாள் பெட்டியை அவர் பக்கம் நகர்த்தினாள். அவர் முதல் தடவையிலேயே எடுத்துக்கொண்டார்.

மறு வாரம் உள்ளே நுழைந்ததும், "காபி?" என்றாள்.

"ஆமா, குடுங்க."

இத்தனை வாரம் ஏங்கிய காபி. வாயில் வைக்க விளங்கவில்லை. தார் மாதிரி கறுப்பு, கசப்பு. அவர் ஊரில் காபி என்றால் அடியில் கரண்டி தெரிய வேண்டும். கஷ்டப்பட்டு விழுங்கினார்.

"இன்னும் கொஞ்சம்?"

"வேண்டாங்க."

"இது எந்த வேண்டாம்?"

"இது நிஜ வேண்டாம்," என்றார் ஆர்லன் அவசரமாக.

தேங்க்ஸ்கிவிங்குக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து பனி கொட்டியது. ஆர்லன் இரண்டு கார்களையும் துடைத்தார். வாசலைச் சுத்தம் செய்தார். மார்லிஸின் பாத்திரத்தை எடுத்துக்கொண்டுபோய்க் கொடுத்தார். உள்ளே வரச் சொன்னாள், வேண்டாம், வரச் சொன்னாள், வேண்டாம், வரச் சொன்னாள், போய் உட்கார்ந்து கேக் தின்றுவிட்டு வந்தார். வேறு வேலை ஒன்றும் மிச்சமில்லை. அடுக்களையில் நின்று பிரிட்டாவுக்குப் போன் போட்டார்.

"அப்பாவா? என்ன ஆச்சு? உடம்புக்கு என்ன?" பிரிட்டாவின் குரல் பதறியது. அவராகப் போன் செய்து அவளுக்குப் பழக்கமில்லை.

"ஒண்ணுமில்லம்மா." இன்னும் ஒரு வாக்கியம் வானிலையைப் பற்றிப் பேசினால் அப்படியே அதற்குள் ஒளிந்துகொண்டுவிடுவார் என்று அவருக்கே தெரியும். "தேங்க்ஸ்கிவிங்குக்கு வா."

"வேண்டாம்பா," என்றாள் பிரிட்டா. "உங்களுக்கு எதுக்குச் சிரமம்."

அவருக்கு முகம் சுண்டிப்போயிற்று. கேட்டாயிற்று, வாய்விட்டுச் சொல்லியாயிற்று, பதிலும் வந்தாயிற்று. வேண்டாம் என்றால் வேண்டாம். இரண்டு பனிக்காலமாக அவர் கொடுத்ததைத்தான் அவள் திருப்பிக் கொடுக்கிறாள், அதில் தப்பு சொல்ல முடியுமா? "சரிம்மா" என்ற வார்த்தை வழக்கம்போல உதட்டுக்கு வந்து நின்றது. வேறு எந்த வார்த்தையும் அவருக்கு இவ்வளவு சுலபமாக வராது.

சொல்லியிருப்பார். ஆனால் அவள் அந்த வேண்டாமைச் சொன்ன தினுசு காதிலேயே நின்றது. அந்த இழுப்பு, கடைசியில் அந்தச் சின்ன இறக்கம். எங்கேயோ கேட்ட குரல். அட, தன்னுடையதுதான். ஃபீனிக்ஸுக்குப் போனால் என்ன, இந்த அடுக்களையில், இந்த மேஜையில், கடைசித் துண்டைப் பாதியாக வெட்டி வளர்ந்த பெண்தானே?

அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சிரமமில்ல. நீ வரணும் பிரிட்டா."

"இப்ப போய் டிக்கெட் எல்லாம் எங்கப்பா... நீங்க தனியா சமைக்கணும், கட்டில் போடணும். வேண்டாம்பா, பரவாயில்ல."

இரண்டாவது.

"நீ அன்னைக்கு இருக்கட்டுமான்னு கேட்டப்ப, இருன்னு சொல்லத்தான் இருந்தேன். நீ இன்னொரு தடவை கேப்பேன்னு கதவுகிட்டயே நின்னேன். அது என் தப்பு. ஒரு தடவை கேட்டதே போதும், நான் சொல்லியிருக்கணும்." குரல் உடைந்தது, அவர் அதைச் செருமி மறைக்கவில்லை. "அம்மா இல்லாம வீட்டுல சத்தமே இல்லம்மா. எனக்கு நீ இங்க வேணும். வா."

போனில் ஒன்றும் கேட்கவில்லை. ஆர்லன் காதை அழுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தார். தண்டவாளத்தில் காத்திருந்தது போலவேதான். வெளியே பனி விழுந்துகொண்டிருந்தது. லோர்னாவின் கார் மேல் மறுபடி வெள்ளையாகப் படியத் தொடங்கியிருந்தது.

பிறகு மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"உங்களுக்குச் சிரமம் இல்லன்னா," என்றாள் பிரிட்டா, "கொஞ்ச நாள் வர்றேன்."

ஆர்லன் மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மா காரை எடுத்துட்டு ஏர்போர்ட்டுக்கு வர்றேன்," என்றார்.

"ஐயோ, வேண்டாம்பா. இந்தப் பனியில நீங்க எதுக்கு, நான் டாக்சி புடிச்சு வந்துடறேன்."

"பிரிட்டா."

"என்னப்பா?"

"இது முதல் வேண்டாம்தானே?"

பிரிட்டா சிரித்துவிட்டாள்.

"ஆமாப்பா," என்றாள். "வந்துடுங்க."